பொப்பியும் பூவரசும்: சப்ரகமுவவைத் தொட்ட ஒரு நினைவுப் போராட்டம்

முதலாம் உலகப் போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11ஆம் நாளை நினைவுகூர்ந்து, துணியிலும் தாளிலும் செய்த செந்நிறப் பொப்பி மலரை விற்கும் வழக்கம் பிரித்தானியாவில் 1921இல் தொடங்கி இலங்கைக்கும் வந்தது. போரில் ஊனமுற்றவர்களுக்கும் மாண்டோரின் குடும்பங்களுக்கும் அவ்விற்பனைப் பணம் உதவ வேண்டும் என்பதே ஏற்பாடு. தோட்டத் துரைமாருக்கு இந்நாள் சொந்தத் துக்கத்தின் நாளாகவும் இருந்தது. ஏனெனில் 1900இல் அமைந்த, ஐரோப்பியத் தோட்டக்காரர்களைக் கொண்ட ‘தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை’ என்ற தொண்டர் படையிலிருந்து ஓர் அணி 1914இல் எகிப்துக்குக் கப்பலேறி, மறு ஆண்டு துருக்கியின் கலிப்பொலிப் போர்முனையிலும் பணியாற்றியது. அத்துக்கத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் அதே போருக்குச் சென்று மீண்ட இலங்கையரும் இருந்தனர். தீவில் திரண்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய நிதிக்கே போய்ச் சேர்ந்ததால், அவர்களுள் வறுமையில் உழன்றோருக்குக் கிடைத்தது சொற்பமே.

இந்த அநீதியைப் பொறுக்காத முன்னாள் படைவீரர் எயிலியன் பெரேரா, 1931இல் பொப்பிக்கு மாற்றாக, சிங்களத்தில் ‘சூரிய’ எனப்படும் பூவரச மலரை அதே நவம்பர் 11இல் விற்று, அப்பணத்தை இலங்கை முன்னாள் படையினருக்கே அளிக்கும் முயற்சியைத் தொடங்கினார். சூரியமல் இயக்கம் என வரலாற்றில் பெயர் பெற்ற இம்முயற்சி, இறக்குமதியான செயற்கைப் பூவுக்கு எதிரே, ஊர்தோறும் வேலியோரங்களில் மஞ்சளாய்ப் பூத்து மாலைக்குள் சிவந்து வாடும் பூவை நிறுத்தியது. போரையோ பேரரசையோ எதிர்ப்பது தொடக்கத்தில் அதன் நோக்கமன்று. உழைத்தவனுக்குரிய பங்கு அவனிடம் சேர வேண்டும் என்ற கோரிக்கை மட்டுமே அதில் இருந்தது.

1933இல் தென்கொழும்பு இளைஞர் கழகத்தினர் இயக்கத்தை ஏற்றபோது அதன் திசை மாறியது. இங்கிலாந்தில் பிறந்த ஆசிரியை டொரீன் யங் பொப்பி விற்பனையைக் கண்டித்து நாளிதழில் எழுதிய கட்டுரை பரபரப்பை உண்டாக்கியது. அவரே இயக்கத்தின் தலைவரானார். பேரரசு எதிர்ப்பும் போர் எதிர்ப்பும் முன்னுக்கு வந்தன. திரட்டிய பணம் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையின் கல்விக்குச் செலவிடப்பட்டது. அது உயர்ந்த நோக்கமே. ஆனால் யாருக்காக இப்பூ முதலில் விற்கப்பட்டதோ, அந்த முன்னாள் படையினர் இயக்கத்தின் பார்வையிலிருந்து நழுவியதையும் சொல்லாமல் விட முடியாது.

இயக்கம் சப்ரகமுவவுக்கு வந்தது பெருந்துயர் ஒன்றின் வழியாக. 1934இல் பருவமழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதால், அவற்றில் பெருகிய நுளம்புகள் மலேரியாவைப் பரப்பின. 1935 வரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் சப்ரகமுவவின் கேகாலை மாவட்டமும் ஒன்று. சூரியமல் தொண்டர்கள் மருத்துவர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க முதலியோருடன் ஊர் ஊராகச் சென்று, மருந்தோடு உணவும் கொடுத்தனர்; பசியால் தளர்ந்த உடலைக் காய்ச்சல் எளிதில் வீழ்த்துவதை அவர்கள் கண்டிருந்தனர். பருப்பு வழங்கிய என்.எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்ததாகக் கூறுவர். இத்தொண்டர்களிடையே இருந்தே 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி உருவாயிற்று. மறு ஆண்டு கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல மக்கள் என்.எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினர். விக்கிரமசிங்க 1943இல் நிறுவிய கம்யூனிஸ்ட் கட்சியின் சரத் முத்தெட்டுவேகம 1981 இடைத்தேர்தலில் கலவானத் தொகுதியை வென்றதும் இம்மரபின் தொடர்ச்சியே.

எனவே இடதுசாரி வரலாற்று நூல்கள் சூரியமல்லைக் கட்சியின் முன்னுரையாகவே எழுதுகின்றன. வறிய படையினரின் கோரிக்கை அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. பேரரசு அவர்களை ஒருமுறை மறந்தது. அப்பேரரசை எதிர்த்தவர்கள் இன்னொரு முறை மறந்தனர். கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவின் போர் நினைவுத்தூபியருகே நவம்பர்தோறும் முன்னாள் படையினர் இன்றும் அணிவது பொப்பியைத்தான். ஆனால் அதன் நிதி இப்போது இந்நாட்டு முன்னாள் படையினரின் நலனுக்குச் செல்கிறது. எயிலியன் பெரேரா 1931இல் கேட்டதும் அதுவே.