எடிசன் வார்த்த வீடும் அல்சூர் தபால் நிலையமும்

பெங்களூர் அல்சூர் பக்கம், கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது. 1,021 சதுர அடி. 43 நாளில் முடித்து, 2023 ஆகஸ்ட் 18-ல் திறந்தார்கள். கட்டினார்கள் என்பதைவிட அச்சடித்தார்கள் என்பதே சரி. போன மாதம் மகளோடு போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் வரி வரியாக, முறுக்குப் பிழிந்து அடுக்கியதுபோல இருக்கிறது.

புதுமைதான். ஆனால் இதன் ஆசை நூறு வருடப் பழசு.

பல்பு எடிசன் 1899-ல் சிமெண்ட் கம்பெனியும் ஆரம்பித்தார். சரக்கு விற்க வேண்டுமே! வீடு முழுவதற்கும் இரும்பில் அச்சு செய்து, மேலிருந்து கான்கிரீட்டை ஊற்றி, சுவர், மாடி, படிக்கட்டு எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் எடுத்துவிடலாம் என்றார். 1908-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1917-ல் கிடைத்தது. அதே வருடம் அமெரிக்காவில், நியூஜெர்சியின் யூனியன் ஊரில் 11 வீடுகள் எழும்பின. விலை 1,200 டாலர். வாங்கத்தான் ஆளில்லை.

பி.காம். படித்தவனுக்கு இதில் கணக்கு உடனே புரியும். அந்த அச்சுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் உதிரி பாகங்கள். அந்த முதலீடு திரும்ப வேண்டுமென்றால் ஒரே மாதிரி வீடுகளை நூற்றுக்கணக்கில் வார்க்க வேண்டும். பக்கத்து வீட்டைப் போலவே அச்சாக ஒரு வீட்டை யார் வாங்குவார்? எடிசனைக் கவிழ்த்தது கான்கிரீட் அல்ல, அச்சு.

நம் ஊரிலும் அதேதான், பெயர் மட்டும் சென்ட்ரிங். பலகை, முட்டு, ஆணி, கூலி... கடைசியில் கழற்றிப் போடப்போகிற ஒன்றுக்கு இவ்வளவு செலவு!

1990-களில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெஹ்ரோக் கோஷ்னெவிஸ் என்ற ஈரான் நாட்டுக்காரர் அச்சையே தூக்கிப்போட்டார். கம்ப்யூட்டர் வரைபடத்தைப் பார்த்து ஒரு குழாய் கலவையை வரிசை வரிசையாகப் பிழிந்துகொண்டே போகும். அடுத்த வீடு வேறு மாதிரி வேண்டுமா? வரைபடத்தை மாற்றினால் போதும், புது அச்சு வேண்டாம். எடிசனுக்கு மாட்டாமல் போனது இதுதான்.

நம் பக்கம் வந்தது எப்படி என்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்களின் த்வஸ்தா நிறுவனம் 2021-ல் அந்த வளாகத்திலேயே 600 சதுர அடி வீடு ஒன்றை அச்சடித்தது. அல்சூர் கட்டடம் எல் அண்டு டி செய்தது, தொழில்நுட்ப ஆலோசனை அதே ஐ.ஐ.டி. செலவு சுமார் 23 லட்சம், வழக்கத்தைவிட 30-40 சதவீதம் குறைவு என்றார்கள். எந்திரத்தின் தேய்மானத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றியது (தொழில் புத்தி!).

ஆனால் நாள் கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டுக் கடனை அஸ்திவாரம், லிண்டல், ரூஃப் என்று பிரித்துப் பிரித்துத்தான் கொடுக்கிறோம். ஊரில் வீடு கட்டிக்கொண்டு இங்கே வாடகையும் கொடுத்து, வட்டியும் கட்டி, ஒன்றரை வருடம் தவிக்கிற நம்மவர்கள் எத்தனை பேர்!

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவர், கிருஷ்ணகிரிக்காரர். செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"செவுரு சரி சார். மேல ரூஃப் யாரு போட்டது?"

"பெரும்பாலும் ரூஃப் இன்னும் பழைய மாதிரிதானாம் மேஸ்திரி. கதவு, வயரிங்கும் ஆளுங்கதான்."

"அப்ப என் காலம் ஓடிடும்," என்றார். பையன் என்ன படிக்கிறான் என்றேன். டிப்ளமோ சிவிலாம். கல்விக் கடன் படிவம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.