நடுப்பெயர் இல்லாத நம் பெயர்கள்



வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும்போது, முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் எனப் படிவங்கள் மூன்று கட்டங்களைக் காட்டுகின்றன. 'தமிழ்ச் செல்வி' என இரு சொல்லாகப் பதியப்பெற்ற மாணவி என்ன எழுதுவாள்? 'தமிழ்' முதற்பெயரும் 'செல்வி' நடுப்பெயரும் தந்தை பெயர் குடும்பப்பெயரும் ஆகுமா? மூன்றும் பொருந்தா.

ஆங்கிலேயர் வழக்கில் ஒருவருக்கு இட்ட பெயர்கள் பலவாயின், பெரும்பாலும் முதலாவதே அழைக்கும் பெயர், ஏனையவை நடுப்பெயர்கள். விதிவிலக்கும் உண்டு. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஜேம்ஸ் ஹேரால்டு வில்சன், ஹேரால்டு என்ற நடுப்பெயராலேயே உலகறியப் பெற்றார். செர்மானியரோ பல பெயர்களுள் அழைக்கும் பெயரை அடிக்கோடிட்டுக் காட்டுவதுண்டு. எப்படியாயினும் இறுதியில் தலைமுறை தோறும் மாறாத குடும்பப்பெயர் நிற்கும்.

தமிழர்க்கும் பெயர்கள் பல உண்டு. பாட்டன் பெயர், குலதெய்வப் பெயர், வீட்டில் கொஞ்சி அழைக்கும் பெயர் என ஒரே குழந்தைக்கு மூன்று நான்கு அமைவதுண்டு. ஆயினும் அவற்றை வரிசையாகக் கோத்து எழுதுவது பெருவழக்கன்று. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு. ஏட்டில் ஏறுவது ஒன்றே. அதன் முன்னே தந்தை பெயரின் தலைப்பெழுத்து நிற்கும்.

இவ்வழக்கத்தோடுதான் நம் முன்னோர் கடாரத்திற்கு வந்தனர். 1909இல் சயாமிடமிருந்து கெடா பிரிட்டிஷார் பாதுகாப்பின்கீழ் வந்தபின், சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியே ஆள்கள் திரட்டப்பட்டனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நீடித்தது. வந்தவர் பெயரைக் கிராணியார் காதால் கேட்டுச் செக்ரோலில் ஆங்கில எழுத்தில் பதிந்தார். இலட்சுமி 'லெட்சுமி' ஆனாள். சுப்பிரமணியம் பல எழுத்துக்கோலங்கள் பெற்றார். ஒரே தோட்டத்தில் மாரியப்பன்கள் பலராயின், 'இன்னார் மகன்' என்பதே அடையாளம் ஆயிற்று.

இங்குதான் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பெயருக்கு முன்னே நின்ற தந்தை பெயர் பின்னே சென்றது. அவசரகாலத்தில், 1948இல், அடையாள அட்டை அறிமுகமானது. பின்னாளில் ஆங்கிலக் குறியீடு மறைந்து, 'அனாக் லெலாகி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்க் குறியீடுகள் நிலைபெற்றன. 2001இல் வந்த மைகாட் அட்டையிலும் அவையே தொடர்ந்தன. பின்னே நிற்பதால் தந்தை பெயரைப் பிறர் குடும்பப்பெயர் என மயங்குகின்றனர். நம் பெயரின் பிற்பாதியை நடுப்பெயர் என எண்ணுகின்றனர்.

அண்டை மாநிலமான பேராக்கில், சுங்கை சிப்புட்டில், 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் பெயரை நோக்குக. 'வீ' என்பது தந்தையார் வீராசாமியைக் குறிக்கும். 'தி' யாருடையது? அது தந்தைவழிப் பாட்டனுடையதன்று, நடுப்பெயரும் அன்று. திருஞானசம்பந்தன் என்ற அவர்தம் சொந்தப் பெயரின் முற்பாதியே அது! சைவக் குரவரின் பெயர் இரண்டாகப் பிரிந்து, முற்பாதி ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது. பிற்பாதியோ குடும்பப்பெயர் போல நிலைத்து, அவர் துணைவியாரும் தோ புவான் உமா சம்பந்தன் எனவே அறியப்பெற்றார்.

பெருந்தலைவர் பெயருக்கே இந்நிலை எனில், நம் பிள்ளைகள் பெயருக்கு நாமே காவல் நிற்க வேண்டும். பிறப்பைப் பதியுமுன், பெயர் ஒரு சொல்லா இரு சொல்லா, ஆங்கில எழுத்துகள் எவை எனப் பெற்றோர் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்தல் நலம். பன்னிரண்டு வயதில் பெறும் மைகாட், தேர்வுச் சான்றிதழ், கடப்பிதழ் யாவும் அப்பதிவையே பின்பற்றும். வெளிநாட்டுப் படிவத்தில் நடுப்பெயர்க் கட்டம் கட்டாயமில்லையெனில், அதனை வெறுமையாக விட்டு, இட்ட பெயர் முழுவதையும் முதற்கட்டத்திலேயே எழுதுக.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் 'தமிழ்ச் செல்வி' என்றிருந்தால், 'தமிழ்' என்று மட்டும் நிறுத்தாமல் முழுப்பெயரையும் அழையுங்கள். பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளை முதலில் கற்கும் இடம் வகுப்பறையே.