மாரிகுப்பம் தொடர்வண்டி நிலையம்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் சுரங்கத்தின் ஆழத்தையும் எடுக்கப்பட்ட தங்கத்தின் எடையையும் கொண்டே எழுதப்பெற்றுள்ளது. அங்கு உழைத்த தமிழர்களின் வரவையும் வாழ்வையும் அறிய மாரிகுப்பம் தொடர்வண்டி நிலையம் தக்கதொரு சான்றாகும். அந்நிலையத்தின் சமூக வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருப்புப்பாதையும் குடிபெயர்வும்

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றபின் சுரங்கத்தொழில் விரிவுற்றது. கனமான பொறிகள் சென்னை–பெங்களூர் இருப்புப்பாதையிலுள்ள பௌரிங்பேட்டையில் இறக்கப்பெற்று, மாட்டுவண்டிகளில் கொண்டுவரப்பட்டன. பௌரிங்பேட்டையே இன்றைய பங்காருப்பேட்டையாகும். 1894-இல் அங்கிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. நீளமுள்ள கிளைப்பாதை திறக்கப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் எனச் சுரங்கப்பெயர்களைத் தாங்கிய நிலையங்களைக் கடந்து, அப்பாதை மாரிகுப்பத்தில் முடிவுற்றது.

பொறிகளுக்காக இடப்பட்ட இப்பாதை மனிதர்களையும் சுமந்தது. வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோருள் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களாவர். ஊரில் பண்ணையடிமைகளாக இருந்தோர் இங்குக் கூலி பெறும் தொழிலாளராயினர். சுரங்கப்பணி உயிருக்கு இறுதி காட்டுவதாயினும், ஊரின் சாதிக்கட்டிலிருந்து விலகி நிற்க அது வழிவகுத்தது.

அச்சும் அறிவும்

இவ்விலகலே தமிழ் அறிவியக்கத்திற்கு நிலமாயிற்று. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் நிறுவிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்திலும் தோன்றியது. 1907-இல் அவர் தொடங்கிய இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் வாசகராகவும் புரவலராகவும் விளங்கினர். 1914-இல் பண்டிதர் மறைந்தபின் அவருடைய நூல்களைத் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. 1926-இல் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை இங்கிருந்தே மீண்டும் நடத்தினார். சென்னையிலிருந்து அச்சைப் பெற்ற ஊர், அச்சை வழங்கும் ஊராக மாறியமை குறிப்பிடத்தக்கது. தமிழகத்திற்கு வெளியே, சுரங்கக் கூலியின் துணையுடன் இது நிகழ்ந்தது என்பது தமிழ் இதழியல் வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டிய செய்தியாகும்.

சுரங்கம் மூடிய பின்னர்

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இருப்புப்பாதை மட்டும் நிலைத்தது. இன்று வைகறையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் வண்டிகளில் தொழிலாளரின் மக்களும் பெயரரும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். உழைப்பை உள்ளே கொணர்ந்த பாதையே அதனை வெளியே கொண்டுசெல்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், மாரிகுப்பம் நிலையம் குடிபெயர்வு, விடுதலை வேட்கை, மீண்டும் வேலை தேடல் என்னும் மூன்று காலங்களின் சான்றாக நிற்பது புலனாகிறது. சுரங்கக் கட்டடங்கள் சிதைந்துவரும் இந்நாளில், அங்குள்ள முதியோரின் வாய்மொழி நினைவுகளையும் பழைய அச்சுநூல்களையும் தொகுத்தல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும். தங்கத்தின் எடை ஏடுகளில் உள்ளது. அதனை எடுத்தோரின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்பெறவில்லை.