கைமாறிய கோல்

பனி மூடிய நார்வே நாட்டு லில்லஹாமரில், 1994ஆம் ஆண்டு, காலிற் சறுக்குப் பலகை பூட்டிய நால்வர் அணிகள் 40 கிலோமீட்டர் அஞ்சலோட்டம் ஓடின. இத்தாலியர் நார்வேயரை வென்றது 0.4 வினாடியில்! நம்மவர்க்கும் அத்தகைய நாளொன்று வாய்த்தது.

2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், லால்குடி வட்டத்து ஆரோக்கிய ராஜீவ் இடம்பெற்ற 4×400 மீட்டர் அணி, 3 நிமிடம் 0.25 வினாடியில் ஓடி ஆசியச் சாதனை படைத்தது. ஆயினும் இறுதிக்குச் செல்வன எட்டு அணிகளே. நம் அணியோ ஒன்பதாவது!

2023 ஆகஸ்ட் 26ஆம் நாள், புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்று. முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல் ஆகியோர் கைமாற்றிய கோலை இறுதியில் ஏந்தியவர் ராஜேஷ் ரமேஷ். அவர் நம் ரயில்வே குடும்பத்தவர். திருச்சி நிலையத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணிபுரிந்தவர். அமெரிக்கா 2 நிமிடம் 58.47 வினாடி, இந்தியா 2 நிமிடம் 59.05 வினாடி. இடைவெளி 0.58 வினாடியே! ஜப்பானியர் வசமிருந்த ஆசியச் சாதனையும் நம்முடையதாயிற்று.

மறுநாள் இறுதியில் ஐந்தாமிடமே கிட்டியது. பதக்கமில்லையே என்பார் உளர். ஆயின், டோக்கியோவில் மூடிய கதவு புடாபெஸ்டில் திறந்ததன்றோ? ஹைதராபாத்தில் வாழும் நம் சிறுவர், விளையாட்டு விழாவிற் கோலேந்துங்கால், தமக்குமுன் ஓடியவரையும் நினைவார்களாக!