நோய் போயிற்று, மூச்சு வந்ததா?

பெங்களூரில் வாழும் நம் தமிழ்ப் பெரியவர்களுக்கு ‘சானடோரியம்’ என்ற சொல் புதிதல்ல. நிம்ஹான்ஸ் அருகில் உள்ள ராஜீவ் காந்தி மார்பு நோய் நிறுவனம் முன்பு எஸ்.டி.எஸ். காசநோய் சானடோரியமாக இருந்ததுதான். சென்னையில் ஒரு ரயில் நிலையமே ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர் தாங்கி நிற்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை தந்த பெயர் அது. கணித மேதை இராமானுஜன் 1917இல் இங்கிலாந்தில் இவருடைய மெண்டிப் மலை சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான். ஆனால் ஓய்வு மட்டும் போதாது என்று கண்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1905இல் தொடங்கிய ஃப்ரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர், நோயாளிகளை முதலில் நடக்கவிட்டார். பிறகு கூடை சுமக்க வைத்தார். உடம்பு தேறத் தேற மண்வெட்டியும் கொடுத்தார். இன்று ‘மறுவாழ்வுச் சிகிச்சை’ என்கிறோமே, அதன் விதை இதில் இருந்தது என்பது என் கருத்து.

பிறகு மருந்து வந்தது. 1956இல் சென்னையில் 193 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப்பேருக்கு சானடோரியத்திலும், மீதிப்பேருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்து. நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு. ஆனாலும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. அதே ஆண்டு நம் பெங்களூரில் பல்லாரி சாலையில் தேசியக் காசநோய் நிறுவனம் உருவாயிற்று. 1960 செப்டம்பரில் நேரு அதைத் திறந்து வைத்தார். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் தேசியத் திட்டம் 1962இல் வந்தது.

ஏழைகளுக்கு இது பெரும் நன்மை. இதைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் சானடோரியக் கட்டில்களோடு சேர்ந்து, உடம்பைப் படிப்படியாகப் பழக்கும் அந்த வழக்கமும் போய்விட்டது. மாத்திரை கிருமியைக் கொல்லும். தழும்பு விழுந்த நுரையீரலை அது பழையபடி ஆக்காது. “நோய் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார், ஆனா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது” என்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இந்தக் குறையை 2020இல் கொரோனா மறுபடி காட்டியது. விக்டோரியா மருத்துவமனை கோவிட் மருத்துவமனையாக மாறிய காலம் அது. தீவிர சிகிச்சையில் வாரக்கணக்கில் கிடந்தால் கை கால் தசைகளோடு மூச்சுத் தசைகளும் தளர்ந்துபோகும். குப்புறப் படுக்க வைப்பது, சளியை வெளியேற்றக் கற்றுக்கொடுப்பது, கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது, பிறகு நாலடி நடக்க வைப்பது என்று பிசியோதெரபிஸ்டுகளின் வேலை அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது.

தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கிறோம். அங்கே ஒரு பிசியோதெரபிஸ்டையும் அழைத்து, காசநோயோ நிமோனியாவோ வந்து குணமானவர்களை ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லலாம். யாருக்கு மூச்சுப் பயிற்சி தேவை என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.