நனைந்த துணியின் நீர் எங்கே போகிறது?



சிங்கப்பூரின் டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையம் 1987ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளுள் பலர் நாள்தோறும் அதைக் கடந்து செல்கின்றனர். பெயரின் பொருளை அறிந்தோர் சிலரே. 'டோபி' என்பது சலவைத் தொழிலாளரையும் 'காட்' என்பது நீர்த்துறையையும் குறிக்கும் இந்திச் சொற்கள். தமிழில் வண்ணாந்துறை என்போமே, அதுவேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கு ஓடிய ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். அவ்வோடையே இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். பக்கத்துச் சாலையான 'பிராஸ் பாசா'வின் பெயருக்கு மலாய் மொழியில் ஈர அரிசி என்று பொருள். ஓடைக்கரையில் நனைந்த அரிசியைக் காயவைத்ததால் அப்பெயர் வந்தது என்பர். துணியும் அரிசியும் அடுத்தடுத்துக் காய்ந்த இடம்! அக்காலத்தில் துணியின் ஈரம் எங்கே போனது என்று எவரும் கேட்கவில்லை. வானம் அதை வாங்கிக்கொண்டது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைக்கப்பட்டது. அடுக்குமாடி வீடுகள் பெருகின. புல்வெளிக்குப் பதிலாகச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழிகள் வந்தன. மேல்வீட்டு ஈரத்துணி கீழ்வீட்டுக் காய்ந்த துணிமேல் சொட்டியதால் எழுந்த பூசல்களை மூத்தோர் நன்கறிவர். அதனினும் கொடியது, கழி செருகும் குழாய்களில் தேங்கிய மழைநீர். ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும். பயன்படுத்தாதபோது அக்குழாய்களை மூடிவைக்குமாறு தேசியச் சுற்றுப்புற வாரியம் அறிவுறுத்தியது டெங்கிக் காய்ச்சலை அஞ்சியே.

சுழலும் துணி உலர்த்தியோ குளிர்நாடுகளின் பிள்ளை. 1800ஆம் ஆண்டளவில் போஷோன் என்னும் பிரெஞ்சுக்காரர், துளையிட்ட உருளையொன்றைத் தீயின்மேல் கையால் சுழற்றும் கருவியைச் செய்தார். அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ராஸ் மூர், கடுங்குளிரில் தாயார் வெளியே துணி உலர்த்துவதைக் காணப் பொறாமல் இம்முயற்சியில் இறங்கினார். அவருடைய உலர்த்தி 1938இல் விற்பனைக்கு வந்தது. இவ்வகை உலர்த்தியின் ஈரக்காற்றைக் குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே விடவேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளில் சுவரைத் துளைப்பது எளிதன்று.

அதனால்தான் ஆவியை நீராக்கும் உலர்த்தி இங்குப் பொருந்துகிறது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராவி நீராகிறது. வெயிற்காலத்தில் குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே முறையில்தான். ஏழு கிலோ பருத்தித் துணி, துவைக்கும் இயந்திரத்தில் நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பின்னும் ஏறத்தாழ 4 லிட்டர் நீரைத் தாங்கியிருக்கும். புல்வெளியில் கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த நீர், இப்போது ஒரு தொட்டியில் நிறைந்து நம் கையில் கனக்கிறது.

தொட்டி நிறைந்தால் இயந்திரம் விளக்கெரித்து நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கொட்டிவிடுவதே நலம். அந்நீர் குடிக்கத் தக்கதன்று. துணியின் பஞ்சுத்துகள் கலந்திருக்கும். வடிகட்டிச் செடிக்கு ஊற்றலாம், ஆனால் வாளியில் சேர்த்து நாள்கணக்கில் வைத்துவிடாதீர்கள். மூங்கில் கழிக் குழாயை மூடிவிட்டு வாளியைத் திறந்துவைத்தால் கொசுவுக்கு என்ன நட்டம்?

சுமந்து கொட்டச் சலிப்போர் வடிகுழாயைப் பொருத்திக்கொள்ளலாம். பல இயந்திரங்களில் இதற்கு வசதியுண்டு. அடியிலுள்ள சிறு பம்பு நீரை மேலேற்றிக் கழிநீர்த் தொட்டிக்கோ தரைவடிகாலுக்கோ தள்ளும். குழாயை எவ்வளவு உயரம் ஏற்றலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் நுனி தேங்கிய நீருக்குள் மூழ்கியிருக்கலாகாது. மூழ்கினால் அழுக்குநீர் இயந்திரத்துக்குள் திரும்ப உறிஞ்சப்படும். வளைவு நெரிபட்டால் நீர் தடைப்படும்.

அண்மைக்காலமாகப் பரவிவரும் வெப்ப ஏற்றி வகை உலர்த்தி, மின்சாரத்தை வெகுவாக மிச்சப்படுத்துகிறது. ஆயினும் அதற்கும் அதே தொட்டிதான், அதே வடிகுழாய்தான்.