பெருங்களத்தூர் காரும் பம்பாய் காரும்

நான் வேலை பார்க்கும் ஆபீஸ் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடி வீடுகளும்தான். இதே நிலத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்று சொன்னால் என் டீமில் இருக்கும் பசங்க நம்புவதில்லை. என் அப்பா பார்த்திருக்கிறார். 1970களில் செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு தினமும் ரயிலில் போய்வந்த ரயில்வே குமாஸ்தா அவர். "ஒரு கெஸல் வாங்கணும்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்டா" என்று எப்போதோ ஒருமுறை சொன்னார். வாங்கவில்லை. இப்போது அவருக்கு வயது 76.

அந்த ஆசை எனக்குத் தொற்றிக்கொண்டது. பட்ஜெட் இரண்டு லட்சம். வண்டி, ரிப்பேர், பேப்பர் வேலை எல்லாம் அதற்குள். பெண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டும் வருடம் என்பதால் அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தேட ஆரம்பித்த பிறகுதான், எந்தப் பழைய கார் நமக்குக் கட்டுப்படியாகும் என்பதை அறுபது எழுபது வருடத்துக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டார்கள் என்பது புரிந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். சுதந்திரத்துக்குப் பிறகும் இங்கே பல வெளிநாட்டு கார்கள் பெட்டிபெட்டியாக வந்து இறங்கி, பூட்டப்பட்டு விற்பனையாகிக்கொண்டிருந்தன. 1953இல் டாரிஃப் கமிஷன் ஒரு சிபாரிசு செய்தது: படிப்படியாக உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் கடையைக் கட்டலாம். அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிப் போயின. கடைசியில் கார் என்றால் மூன்று கம்பெனிதான் என்று ஆனது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ்.

நம்ம ஊர் ஸ்டாண்டர்டு 1948இல் தொடங்கியது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. வேன்கார்ட், அப்புறம் ஸ்டாண்டர்டு டென், 1961இலிருந்து ஹெரால்டு. இந்த ஹெரால்டு அங்கே 1959இல் டிரையம்ஃப் என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர் ஜியோவானி மிகெலாட்டி என்ற இத்தாலிக்காரர். இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் பாடியையும் சேஸியையும் ஒன்றாகச் செய்ய ஆரம்பித்துவிட்டன. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியை அதன் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், தனி சேஸி போட்டு, அங்கங்கே சின்னச் சின்னதாகச் செய்த பாடித் துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கினார்கள். மெக்கானோ செட் மாதிரி. இப்படிப்பட்ட காரைப் பெட்டியில் அடைத்து அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவது சுலபம். சென்னைக்கு அது தோதாகப் போனது.

சரி, நான் பார்க்கப் போன முதல் வண்டி 1975 மாடல் கெஸல். தாம்பரம் தாண்டி ஒரு தோப்பு வீட்டில் வேப்பமரத்தடியில் நின்றது. கேட்ட விலை அறுபதாயிரம். எனக்குக் கை துறுதுறுத்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் பையில் இருந்து ஒரு காந்தத்தை எடுத்து கதவின் அடிப்பக்கம் வைத்தார். ஒட்டவில்லை. தகரம் போய், வெறும் பட்டிதான் பெயிண்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. நான்கு கதவும் அப்படியே.

"வாங்குறது ஈசி சார். இந்தக் கதவு எங்க கிடைக்கும்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை புதுப்பேட்டை போனேன். பழைய பாகங்கள் விற்கும் பாய் ஒருவர், "ஹெரால்டா, கெஸலா தம்பி?" என்று கேட்டார். கெஸல் என்றதும் சிரித்துவிட்டு டீ சொன்னார். "இன்ஜின் சாமான்னா சொல்லுங்க, எப்படியாவது வரவழைக்கலாம். கதவுக்கு நான் எங்க போவேன்?"

அந்தச் சிரிப்புக்குக் காரணம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இங்கிலாந்தில் ஹெரால்டு 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் இன்ஜின் குடும்பம் 1953இன் 803 சிசி ஸ்டாண்டர்டு எயிட்டில் தொடங்கி, 1493 சிசி ஸ்பிட்ஃபயர் வழியாக 1980 வரை ஓடியது. அங்கே இன்றும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள், பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கவும் ஆள் இருக்கிறது. ஆகவே நம்ம 948 சிசி இன்ஜினுக்கு கேஸ்கெட், பிஸ்டன் எல்லாம் கப்பல் கூலியும் சுங்க வரியும் கட்டினால் வந்து சேரும்.

ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையவே கிடையாது. அங்கே இரண்டு கதவுதான். நம் குடும்பங்களுக்காக 1960களின் கடைசியில் நான்கு கதவு போட்டது சென்னைக் கம்பெனி. பின்பக்கம் தனித்தனியாக மடங்கி ஆடும் ஸ்விங் ஆக்ஸில் நம் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் கெஸலில் அதை எடுத்துவிட்டு முழு ஆக்ஸில் போட்டார்கள். முகப்பையும் மாற்றினார்கள். அரசு கேட்டுக்கொண்ட உள்நாட்டுமயத்தை ஒழுங்காகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1977இல் கெஸல் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு திரும்பி வந்தார்கள். ரோவரின் பாடி, உள்ளே வேன்கார்ட் காலத்து இன்ஜின். அது எடுபடாமல் 1988இல் கார் உற்பத்தி நின்றுபோனது.

கணக்கு இப்படி வருகிறது. ஆரம்பகால இரண்டு கதவு ஹெரால்டைக் காப்பாற்ற இங்கிலாந்து இருக்கிறது. எந்த அளவுக்கு அது நம்ம காராக மாறியதோ, அந்த அளவுக்கு அதைக் காப்பாற்ற உலகத்தில் ஆள் இல்லை. அறுபதாயிரம் ரூபாய் கெஸலுக்கு நான்கு கதவையும் கையால் தட்டிச் செய்ய டிங்கர் கேட்ட தொகை, என் மொத்த பட்ஜெட்டைத் தாண்டியது.

இரண்டு கதவு ஹெரால்டும் ஒன்று பார்த்தேன். அதைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் பட்டறைகளில் எல்லா மூட்டுக்கும் கிரீஸ் அடித்துப் பழக்கம். உள்ளே துரு ஏறி, ஒரு நாள் சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். நான் பார்த்ததில் அந்த மூட்டு அசையவே இல்லை. விலையும் எட்டவில்லை.

கடைசியில் பம்பாய் பக்கம் திரும்பினேன். ஃபியட் 1100 இத்தாலியில் 1969இலேயே நின்றுவிட்டது. குர்லாவில் அது, பின்னாளில் பிரீமியர் பத்மினி என்ற பெயரோடு, முப்பது வருடத்துக்குமேல் ஓடியது. வடிவத்தில் பெரிய மாற்றம் கிடையாது. பம்பாய் டாக்ஸிகளில் கடைசி பத்மினி ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில். டாக்ஸி ஓடும்வரை பிரேக் ஷூவும் கதவுக் கைப்பிடியும் யாராவது செய்துகொண்டுதான் இருப்பார்கள். அந்தச் சரக்கு இன்னும் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் கிடைக்கிறது.

பேப்பர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 50 வயது தாண்டிய, உருமாறாத வண்டிக்கு 2021இலிருந்து 'வி.ஏ.' எழுத்து போட்ட தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் அந்த வண்டியை காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. மற்ற கார்களுக்கு 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600இலிருந்து 5,000 ஆனது, பிறகும் ஏறியிருக்கிறது. ஆர்.சி. செத்துப்போன வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சேஸி நம்பரை புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

1994 மாடல் பத்மினி ஒன்று, ஆர்.சி. உயிரோடு, 85,000க்கு முடிந்தது. டிங்கரிங், பெயிண்ட், பிரேக், டயர் என்று இன்னொரு 90,000. பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது.

முதல் ஞாயிறு அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஸ்டியரிங் பக்கத்து கியரை நான் தடவித் தடவிப் போடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பெருங்களத்தூர் தாண்டும்போது கண்ணாடிக் கட்டடங்கள் பக்கம் திரும்பி, "இங்கதான்டா நிறுத்தி வெச்சிருப்பான், வரிசையா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பம்பாய் வண்டி" என்றார்.

தோப்பு வீட்டுக்காரருக்கு போன் செய்து கேட்டேன். கெஸல் இன்னும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறதாம். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறேன்.